வீட்டில் பிளாக்பெர்ரி ஒயின்: இங்கிலாந்தில் முதல் தடவை போடுகிறவர்களுக்கு

மூன்று வருடத்துக்கு முன், ஜனவரி மாதம் ஒரு ராத்திரி, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அலமாரியில் ஏதோ வெடித்த சத்தம் கேட்டு எழுந்து போனேன். நான் முதன்முதலாகப் போட்ட பிளாக்பெர்ரி ஒயின். திருகு மூடி போட்ட இரண்டு பாட்டில்கள் சில்லுசில்லாக உடைந்து கிடந்தன, கார்க் போட்டவற்றில் இரண்டு கார்க்கைத் தள்ளிக்கொண்டு பொங்கியிருந்தன, வாடகை வீட்டின் வெளிர்நிறக் கார்ப்பெட் முழுக்கக் கருஞ்சிவப்பு. கார்ப்பெட்டுக்காக முன்பணத்தில் 140 பவுண்ட் போனது. அதைவிட, அந்த அலமாரியில்தான் என் மகளின் செருப்பு, ஷூ எல்லாம் வைத்திருந்தோம். அவளுக்கு அப்போது நாலு வயது. பகலில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்னும் என்னால் யோசிக்க முடியவில்லை.

தப்பு எங்கே என்று பிறகு தேடியபோது, அது ஒரே ஒரு அளவை எடுக்காமல் விட்டதால் வந்தது என்று தெரிந்தது. அந்த அளவைப் பற்றி 8-ஆம் படியில் சொல்கிறேன், வேறு எதைப் படிக்காவிட்டாலும் அதைப் படியுங்கள். அதற்கப்புறம் ஐந்து தடவை போட்டுவிட்டேன், ஐந்தும் நன்றாக வந்தன. கீழே இருப்பது 4.5 லிட்டருக்கான கணக்கு. இங்கே ஒரு காலன் என்பார்கள். ஆறு பாட்டில் வரும். முதல் தடவை இதற்கு மேல் போடாதீர்கள்.

1. முதலில் சட்டம்

இங்கிலாந்தில் வீட்டுத் தேவைக்கு ஒயின் போட லைசென்ஸ் வேண்டாம், வரியும் கிடையாது, எந்த விண்ணப்பமும் நிரப்ப வேண்டாம். விற்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. ஒரு பாட்டிலுக்குக் காசு வாங்கினாலும் விற்பனைதான். சங்க விழாவில் ஒரு கிளாஸுக்கு இரண்டு பவுண்ட் என்று வைப்பதும் விற்பனைதான், நல்ல காரியத்துக்கு நிதி திரட்டுகிறோம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நண்பருக்குச் சும்மா கொடுப்பதில் தடையில்லை.

காய்ச்சி வடிப்பது முற்றிலும் வேறு விஷயம். லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் சாராயம் வடிப்பது இங்கே குற்றம், சொந்த உபயோகத்துக்கு என்றாலும் குற்றம். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

காட்டுப் பழம் பறிப்பதைப் பற்றியும் பலருக்குப் பயம் இருக்கிறது. தானாக வளர்ந்த செடியில் இருந்து பழம் பறிப்பது, விற்கும் நோக்கம் இல்லாதவரை, 1968-ஆம் வருடத் திருட்டுச் சட்டப்படி திருட்டு ஆகாது. ஆனால் அடுத்தவர் நிலத்துக்குள் வேலி தாண்டிப் போவது அத்துமீறல். சில பூங்காக்களில் தனி விதிகள் இருக்கின்றன, வாசலில் இருக்கும் பலகையைப் படித்துவிட்டுப் பறியுங்கள். பொதுப் பாதையை ஒட்டி நிற்கும் புதர்களே போதும், நமக்கு வேண்டியது இரண்டு கிலோதான்.

தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு: 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டம் அங்கே இன்னும் நடப்பில் இருக்கிறது, அனுமதியில்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம். கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் போடுகிறார்களே என்று யாராவது சொன்னாலும் சட்டம் அதுதான். இந்தக் கட்டுரையை அங்கே செய்து பார்க்காதீர்கள்.

2. சாமான்களும் செலவும்

நான் வாங்கிய விலையைச் சொல்கிறேன், உங்கள் ஊரில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

உணவுக்கு ஏற்ற பிளாஸ்டிக் வாளி, மூடியோடு, 10 லிட்டர்: 8 பவுண்ட். டெமிஜான் என்ற குறுகிய வாய்க் கண்ணாடி ஜாடி இரண்டு: 20 பவுண்ட். சாற்றில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று மிதந்து காட்டும் ஹைட்ரோமீட்டரும் அதற்கான உயரக் குழாயும்: 9. ஏர்லாக் (உள்ளே உண்டாகும் வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத சின்னக் குழாய்) இரண்டு, ஓட்டை போட்ட ரப்பர் அடைப்பானோடு: 5. ஒரு ஜாடியில் இருந்து இன்னொன்றுக்கு மாற்ற சைஃபன் குழாய்: 6. நைலான் வடிகட்டும் பை: 4. ஆக 52 பவுண்ட், இது ஒரு தடவைச் செலவு. டெமிஜான் பழைய பொருள் விற்கும் சாரிட்டி கடைகளில் இரண்டு மூன்று பவுண்டுக்கே கிடைக்கும், வெளிச்சத்தில் பிடித்து மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டு டெமிஜான் எதற்கு என்று நானும் முதலில் ஒன்றுதான் வாங்கினேன், ஒன்றில் இருக்கும் ஒயினை மாற்ற இன்னொரு பாத்திரம் இல்லாமல் சமையலறையில் நின்றபோதுதான் புரிந்தது.

அப்புறம் தீரும் பொருள்கள். வெள்ளைச் சர்க்கரை ஒரு கிலோ 1.20, ஒயின் ஈஸ்ட் ஒரு பொட்டலம் 2, காம்ப்டன் மாத்திரை 2.50, பெக்டோலேஸ் என்ற நொதிப்பொடி 3, ஈஸ்ட் சத்துப் பொடி 2.50. மொத்தம் 11.20. இதில் கடைசி மூன்றும் பல தடவைக்கு வரும், ஆகவே இரண்டாம் தடவையில் இருந்து ஒரு தடவைக்கு நாலு பவுண்டுக்குள் முடியும். பாட்டில் வாங்க வேண்டாம், குடித்து முடித்த ஒயின் பாட்டில்களைத் தெரிந்தவர்களிடம் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.

பணத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஹைட்ரோமீட்டரை மட்டும் விட்டுவிடாதீர்கள். நான் விட்டேன்.

பித்தளை, அலுமினியம், செம்பு, இரும்புப் பாத்திரம் எதுவும் வேண்டாம், பழத்தின் புளிப்பு உலோகத்தைக் கரைக்கும். எவர்சில்வர் பரவாயில்லை.

3. பழம்: எப்போது, எங்கே

ஆகஸ்ட் நடுவில் இருந்து செப்டம்பர் நடுவரை. அக்டோபரில் பழம் நீர்த்துப்போய், ருசி குறைந்து, பாதிக்குப் பாதி புழுவோடு இருக்கும். கறுப்பாக இருப்பது மட்டும் போதாது, தொட்டால் தானாகக் கையோடு வர வேண்டும், இழுக்க வேண்டியிருந்தால் இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்று அர்த்தம்.

மழை பெய்த மறுநாள் பறிக்காதீர்கள். வண்டி அதிகம் போகும் சாலையோரமும், ரயில் பாதை ஓரமும் வேண்டாம், தண்டவாளத்தை ஒட்டிக் களைக்கொல்லி அடிப்பார்கள். நடைபாதை ஓரத்தில் முழங்காலுக்குக் கீழே இருக்கும் பழத்தை விட்டுவிடுங்கள், நாய்கள் போகிற வழி. நான் பறிப்பது கால்வாய்க் கரைப் பாதையில். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள், முள் ஆழமாகக் கிழிக்கும்.

தேவை 1.8 கிலோ. ஒரே நாளில் கிடைக்காது, கவலையும் வேண்டாம். ஒவ்வொரு வாரமும் பறித்ததை அன்றே ஃப்ரீஸரில் போட்டுச் சேர்த்து வாருங்கள். உறைந்து உருகும்போது பழத்தின் செல்கள் உடைந்து சாறு தாராளமாக வரும், ஆகவே ஃப்ரீஸர் பழம் புதுப் பழத்தைவிட இந்த வேலைக்கு நல்லது. பருவம் தவறிவிட்டால் சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் உறைந்த பிளாக்பெர்ரியை வாங்கியும் போடலாம், செலவு மட்டும் ஏறும்.

4. சுத்தம்

இட்லி மாவைக் கையால் கலந்தால்தான் நன்றாகப் பொங்கும் என்று வளர்ந்தவர்கள் நாம். இங்கே அந்தப் பழக்கத்தை மறந்துவிடுங்கள். மாவில் காற்றிலும் கையிலும் இருக்கும் நுண்ணுயிர் வந்து சேர்வதுதான் வேலை. ஒயினில் நாம் போடும் ஈஸ்ட் ஒன்று மட்டும்தான் வேலை செய்ய வேண்டும், மற்றது எது நுழைந்தாலும் கெடுக்கும்.

வாளி, கரண்டி, பை, குழாய், ஜாடி, ஹைட்ரோமீட்டர், பழத்தைத் தொடும் எல்லாவற்றையும் முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, பிறகு கிருமிநீக்கித் தண்ணீரில் ஊற வைத்து எடுங்கள். கழுவுவதும் கிருமி நீக்குவதும் இரண்டு வேலை, அழுக்கு ஒட்டியிருந்தால் கிருமிநீக்கி வேலை செய்யாது. ஒயின் சாமான் விற்கும் கடைகளில் இதற்கான பொடி கிடைக்கும், பொட்டலத்தில் சொன்ன நேரம் ஊற வைத்து, அலசச் சொல்லியிருந்தால் நன்றாக அலசுங்கள். மரக்கரண்டி, மரமத்து வேண்டாம், மரத்தின் துளைகளில் இருப்பதை எடுக்க முடியாது.

5. முதல் நாள்: பழம், சர்க்கரை, காம்ப்டன்

பழத்தை அறை வெப்பத்துக்கு உருக விட்டு, நைலான் பையில் போட்டு, பையை வாளிக்குள் வைத்து, எவர்சில்வர் மசிப்பானால் மசியுங்கள். விதை நசுங்கும் அளவுக்கு வேண்டாம், விதை கசக்கும். மிக்ஸியில் அடிக்கவே கூடாது.

ஒரு கிலோ சர்க்கரையை ஒன்றரை லிட்டர் வெந்நீரில் முழுசாகக் கரைத்து, இன்னொரு ஒன்றரை லிட்டர் ஆறிய தண்ணீர் சேர்த்து, நன்றாக ஆறியதும் வாளியில் ஊற்றுங்கள். ஒரு காம்ப்டன் மாத்திரையைப் பொடித்துக் கரைத்து ஊற்றிக் கலக்கி, மூடியைத் தளர்வாக வைத்து 24 மணி நேரம் விடுங்கள். காம்ப்டன் என்பது சல்ஃபைட், பழத்தோடு வந்த காட்டு ஈஸ்டையும் பாக்டீரியாவையும் அடக்கும். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் பொடிக்கும்போது அவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டாம், குடிக்கக் கொடுக்கும்போதும் இதில் சல்ஃபைட் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

இங்கே பலர் செய்யும் தவறு, பழத்தை அடுப்பில் வைத்து ஜாம் மாதிரி கொதிக்க விடுவது. சாறு நிறைய வரும், நிறம் அழகாக இறங்கும், ஆனால் பழத்தில் இருக்கும் பெக்டினும் முழுக்க இறங்கிவிடும். பெக்டின் என்பது ஜாமைக் கட்டியாக்கும் பொருள், ஒயினில் அது மேகம் மாதிரி நின்றுவிடும், மாதக்கணக்கில் வைத்தாலும் தெளியாது.

காம்ப்டன் போட்டு 12 மணி நேரம் கழித்து ஒரு டீஸ்பூன் பெக்டோலேஸ் சேர்த்துக் கலக்குங்கள். பெக்டினை உடைப்பது இதன் வேலை. சூட்டில் போட்டால் இது செத்துவிடும், அதனால்தான் ஆறிய பிறகு என்று சொன்னேன்.

6. இரண்டாம் நாள்: அளவு, பிறகு ஈஸ்ட்

24 மணி நேரம் ஆனதும், ஈஸ்ட் போடுவதற்கு முன், ஹைட்ரோமீட்டரால் அளவு எடுங்கள். குழாயில் சாறை வடித்து ஊற்றி, ஹைட்ரோமீட்டரை மிதக்க விட்டு, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்துப் படியுங்கள். வெறும் தண்ணீரில் அது 1.000 காட்டும், சர்க்கரை கூடக் கூட எண் ஏறும். மேலே சொன்ன கணக்கில் போட்டால் 1.085-இல் இருந்து 1.090-க்குள் வரும். வந்தால் கடைசியில் ஆல்கஹால் 12 சதவீதம் அளவில் நிற்கும்.

குறைவாக இருந்தால் 50 கிராம் சர்க்கரைக்குச் சுமார் 0.004 ஏறும் என்று கணக்கு வைத்துக் கொஞ்சமாகச் சேருங்கள். அதிகமாக இருந்தால் கொதித்து ஆறிய தண்ணீர் கொஞ்சம்.

ஹைட்ரோமீட்டர் 20 டிகிரி செல்சியஸுக்கு அமைத்தது, சாறு சூடாக இருந்தால் அளவு குறைத்துக் காட்டும். என் இரண்டாம் தடவையில் அவசரப்பட்டுச் சூட்டோடு அளந்து, குறைகிறதே என்று 300 கிராம் சர்க்கரையைக் கூடுதலாகக் கொட்டினேன். நல்லவேளையாக மறுநாள் ஆறிய பிறகு மறுபடி அளந்ததால் தண்ணீர் ஊற்றிச் சரி செய்ய முடிந்தது. சர்க்கரை அடியில் கரையாமல் கிடந்தாலும் இதே பொய் அளவு வரும்.

இந்த எண்ணை நோட்டில் தேதியோடு எழுதுங்கள். இந்த வேலையில் ஆவணம் என்று ஒன்று உண்டென்றால் அது இந்த நோட்டுதான்: பழத்தின் எடை, சர்க்கரை, தண்ணீர், ஈஸ்டின் பெயர், ஒவ்வொரு அளவும் எடுத்த தேதியும். ஆறு மாதம் கழித்து ஞாபகத்தில் இருந்து எதையும் எடுக்க முடியாது.

இப்போது ஈஸ்ட். 5 கிராம் பொட்டலத்தை 50 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில், 35-இல் இருந்து 40 டிகிரிக்குள், தூவிக் கால் மணி நேரம் விட்டு ஊற்றுங்கள். கூடவே ஒரு டீஸ்பூன் ஈஸ்ட் சத்துப் பொடி. இதை விட்டுவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். திராட்சைச் சாற்றில் ஈஸ்டுக்குத் தேவையான நைட்ரஜன் ஓரளவு இருக்கும், நாம் பழத்தில் தண்ணீர் ஊற்றி நீர்க்க வைத்திருக்கிறோம், பட்டினி கிடக்கும் ஈஸ்ட் அழுகிய முட்டை நாற்றத்தை விடும்.

எந்த ஈஸ்ட்? எனக்குப் பிடித்தது லால்வின் 71பி, பழ வாசனையை நன்றாகக் காப்பாற்றும், 14 சதவீத ஆல்கஹால்வரை தாங்கும். இசி-1118 என்பது 18 சதவீதம்வரை தாங்கும் முரட்டு ரகம், எங்கும் நிற்காமல் முடித்துவிடும், ஆனால் வாசனை கொஞ்சம் மொட்டையாக இருக்கும். பேக்கரி ஈஸ்டும் நொதிக்கத்தான் செய்யும், ஆனால் அதன் வண்டல் இறுகிப் படியாது, ஆட்டினால் எழும். இரண்டு பவுண்டுக்காக அதைப் போடாதீர்கள்.

7. ஆறு நாள் வாளியில், அப்புறம் டெமிஜானில்

ஒரு நாளுக்குள் நுரை கிளம்பும். பழப் பை மேலே மிதந்து வரும், காலையும் மாலையும் சுத்தமான கரண்டியால் அதை உள்ளே அமுக்கிவிடுங்கள், மேலே காய்ந்து நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். மூடி தளர்வாகவே இருக்கட்டும், ஆனால் பழ ஈ நுழையக் கூடாது. அந்தச் சின்ன ஈ ஒயினை வினிகராக மாற்றும் பாக்டீரியாவைச் சுமந்து வரும்.

வெப்பம் 18-இல் இருந்து 24 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. செப்டம்பரில் இங்கே வீட்டுக்குள் இது தானாகவே இருக்கும். ரேடியேட்டர் பக்கத்தில் வைக்காதீர்கள்.

ஐந்து ஆறு நாளில் பையைத் தூக்கி, சொட்ட விட்டு எடுத்துவிடுங்கள். கடைசிச் சொட்டுவரை பிழிய ஆசை வரும், வேண்டாம், பிழியும்போது வருவது பெரும்பாலும் கசடும் கசப்பும். பிறகு சாறை டெமிஜானுக்கு மாற்றுங்கள். முதல் சில நாளுக்கு மேலே நாலு விரல் இடம் விட்டு வையுங்கள், நுரை அடங்கியதும் கழுத்துவரை நிரப்ப வேண்டும், மிச்சச் சாறைச் சின்ன பாட்டிலில் ஏர்லாக்கோடு வைத்திருந்தால் அதற்கு உதவும். ஏர்லாக்கில் பாதி தண்ணீர். ஜாடியைப் பழுப்புத் தாளால் சுற்றி வையுங்கள் அல்லது இருட்டில் வையுங்கள், வெளிச்சத்தில் சிவப்பு மங்கிச் செங்கல் நிறத்துக்குப் போகும்.

8. முடிந்ததா என்று எப்படித் தெரியும்

ஏர்லாக்கில் குமிழி நின்றால் முடிந்தது என்று நான் நினைத்தேன். அதுதான் அந்த ஜனவரி ராத்திரியில் கொண்டு விட்டது.

குமிழி பல காரணத்தால் நிற்கும். குளிர் வந்தால் ஈஸ்ட் தூங்கிவிடும். அடைப்பான் சரியாகப் பொருந்தாவிட்டால் வாயு வேறு வழியில் கசியும். என் விஷயத்தில் நவம்பரில் ராத்திரி ஹீட்டிங்கை அணைத்து வைப்போம், ஈஸ்ட் சுருண்டு படுத்துவிட்டது, சர்க்கரை இன்னும் மிச்சம் இருந்தது. டிசம்பர் நடுவில் பாட்டிலில் அடைத்தேன். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு உறவினர்கள் வந்து தங்கியதால் நாள் முழுக்க ஹீட்டிங் ஓடியது, ஈஸ்ட் விழித்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தது, வாயு போக வழியில்லை. மாறாக, முடிந்த பிறகும் குமிழி வருவதுண்டு, கரைந்திருந்த வாயு வெளியேறுவதால். ஆகவே குமிழியைப் பார்த்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

ஹைட்ரோமீட்டர் ஒன்றுதான் சொல்லும். டெமிஜானுக்கு மாற்றி மூன்று வாரம் ஆனதும் அளந்து பாருங்கள். 1.000-க்குக் கீழே, 0.990-இல் இருந்து 0.998-க்குள் வந்து, மூன்று நாள் தொடர்ந்து அளந்தும் எண் அசையாமல் நின்றால் முடிந்தது. 1.010, 1.020 என்று நின்றுவிட்டால் முடியவில்லை, நின்றுபோயிருக்கிறது. வெப்பமான இடத்துக்கு மாற்றி, மெதுவாகச் சுழற்றி, பத்து நாள் கொடுங்கள். அப்படியும் நகராவிட்டால் இசி-1118-ஐ வெதுவெதுப்பான தண்ணீரில் எழுப்பிப் புதிதாக ஊற்றுங்கள்.

ஆல்கஹாலைக் கணக்கிட, முதல் எண்ணில் இருந்து கடைசி எண்ணைக் கழித்து 131-ஆல் பெருக்குங்கள். 1.088-இல் தொடங்கி 0.996-இல் முடிந்தால் 0.092 பெருக்கல் 131, சுமார் 12 சதவீதம்.

என் அம்மாவுக்கு இதைப் போனில் சொன்னபோது, கேட்ட முதல் கேள்வி மெத்தனால் பற்றித்தான். கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் வரத்தான் செய்யும். அங்கே உயிர்களை எடுத்தது சாராயத்தில் கலந்த மெத்தனால். பழம் நொதிக்கும்போது பெக்டினில் இருந்து மிகச் சிறிதளவு மெத்தனால் வரும், கடையில் வாங்கும் ஒயினிலும் அது உண்டு, அந்த அளவு ஆபத்தில்லை. வெளியில் இருந்து எதையும் கலக்காமலும் காய்ச்சி வடிக்காமலும் இருக்கும்வரை பயப்பட வேண்டாம்.

9. தெளிவை இறுப்பது

நொதித்தல் முடிந்ததும் அடியில் ஒரு விரல் உயரத்துக்கு மண்டி படிந்திருக்கும். செத்த ஈஸ்டும் பழக்கசடும். இதன் மேலேயே மாதக்கணக்கில் ஒயினை விட்டால் வாடை பிடிக்கும். டெமிஜானை முந்தின நாளே மேசை மேல் ஏற்றி வைத்து, கலங்கியது அடங்கிய பிறகு, சைஃபன் குழாயின் நுனி மண்டியைத் தொடாமல் பிடித்து, தரையில் இருக்கும் இரண்டாவது டெமிஜானுக்கு மெதுவாக இறுத்துங்கள். கீழே குழாய் நுனி ஜாடியின் அடியைத் தொட்டபடி இருக்கட்டும், மேலே இருந்து சளசளவென்று விழுந்தால் காற்று கலந்து நிறமும் ருசியும் போகும். வாயால் உறிஞ்சித் தொடங்க வேண்டாம், கையால் அமுக்கும் சைஃபன் வாங்குங்கள். ஒரு காம்ப்டன் மாத்திரை பொடித்துப் போட்டு, கழுத்துவரை நிரப்பி, ஏர்லாக்கை மாட்டுங்கள். நிரப்பப் போதாவிட்டால் கடை சிவப்பு ஒயின் கொஞ்சம் ஊற்றலாம், தண்ணீர் நிறைய ஊற்றினால் சப்பென்று ஆகிவிடும்.

காற்றுக்கு இடம் விட்டு வைக்கும் ஜாடிதான் வினிகர் ஆகும். ஆன பிறகு திருப்ப வழியே இல்லை.

இரண்டு மாதம் கழித்து மறுபடி ஒரு தடவை இறுத்துங்கள். அப்புறம் பார்த்துக்கொண்டே இருங்கள், பின்னால் டார்ச் அடித்தால் ஒளி கோடாகத் தெரியாமல் சுத்தமாகப் பாய வேண்டும், அதுதான் தெளிவு. நாலில் இருந்து ஆறு மாதம் ஆகும். அவசரமென்றால் தெளிவிக்கும் பொருள்கள் விற்கிறார்கள், ஆனால் சைவக்காரர்கள் பொட்டலத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள்: ஐசிங்கிளாஸ் என்பது மீனின் காற்றுப்பையில் இருந்து எடுப்பது, ஜெலட்டின் விலங்கிடமிருந்து, கைட்டோசான் பெரும்பாலும் இறால் நண்டு ஓட்டில் இருந்து. பெண்டோனைட் மட்டும் களிமண், அதை யாரும் பயன்படுத்தலாம். என் வீட்டில் மாமியார் சைவம், அவர் ஒயினைத் தொடுவதில்லை என்றாலும் அவர் சமையலறையில் மீன் பொருள் வேண்டாம் என்று பெண்டோனைட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

10. இனிப்பு வேண்டுமா

இந்த ஒயினில் சர்க்கரை மிச்சமே இருக்காது. கிறிஸ்துமஸ் கேக்கோடு குடித்த இனிப்பு ஒயினை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு முதல் வாய் ஏமாற்றமாகத்தான் இருக்கும். இனிப்பு வேண்டுமென்றால், நன்றாகத் தெளிந்து, மண்டி முழுக்க நீங்கிய பிறகு, அரை டீஸ்பூன் பொட்டாசியம் சோர்பேட்டும் ஒரு காம்ப்டனும் சேர்த்து ஒரு நாள் விட்டு, அப்புறம் சர்க்கரைப் பாகு கலந்து, மேலும் இரண்டு வாரம் ஏர்லாக்கோடு வைத்து, எண் மாறவில்லை என்று அளந்து பார்த்துவிட்டுத்தான் பாட்டிலில் அடைக்க வேண்டும். சோர்பேட் ஓடிக்கொண்டிருக்கும் நொதித்தலை நிறுத்தாது, அடங்கிய ஈஸ்ட் மறுபடி பெருகாமல் தடுக்கும், அவ்வளவுதான். எனக்குக் கேட்டால், இனிப்பு வேண்டியவர்கள் கிளாஸில் ஊற்றிய பிறகு சேர்த்துக்கொள்ளட்டும்.

11. பாட்டில், தேதி, காத்திருப்பு

பாட்டில்களை வாஷிங் சோடா கரைத்த வெந்நீரில் ஒரு ராத்திரி ஊற வைத்தால் லேபிள் கழன்று வரும். புது கார்க் மட்டும் போடுங்கள், 30 கார்க் 5 பவுண்ட், கார்க் அழுத்தும் கைக்கருவி 10 பவுண்ட் அளவில். அடைக்கும் அன்று காலையிலும் ஒரு தடவை ஹைட்ரோமீட்டர். அடைத்த பாட்டில்களை மூன்று நாள் நிமிர்த்தி வைத்து, பிறகு கார்க் நனைகிற மாதிரி படுக்க வையுங்கள். ஒவ்வொன்றிலும் பழம், வருடம், ஆல்கஹால் சதவீதம் எழுதி ஒட்டுங்கள். 12 சதவீதம் உள்ள 750 மில்லி பாட்டிலில் 9 யூனிட் (இங்கே ஆல்கஹாலை அளக்கும் அலகு) இருக்கிறது, இங்கே மருத்துவர்கள் சொல்லும் வரம்பு வாரத்துக்கு 14 யூனிட். வண்டி ஓட்டப் போகிற விருந்தாளிக்கு ஊற்ற வேண்டாம்.

கால அட்டவணை இப்படி வரும். ஆகஸ்ட் கடைசியில் பறித்து முடித்தால், செப்டம்பர் இரண்டாம் வாரம் டெமிஜான், அக்டோபரில் முதல் இறுப்பு, டிசம்பரில் இரண்டாவது, மார்ச் அல்லது ஏப்ரலில் பாட்டில். அந்த வருடக் கிறிஸ்துமஸுக்குக் குடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அப்போது அது கரடுமுரடாக, நாக்கைப் பிடிக்கிற மாதிரி இருக்கும். அடுத்த வருடத் தீபாவளிக்கு ஒரு பாட்டிலைத் திறந்து பாருங்கள், அதே ஒயினா என்று கேட்பீர்கள்.

அடைத்த பிறகும் முதல் இரண்டு மாதம் வாரத்துக்கு ஒரு தடவை கார்க்கைப் பாருங்கள். ஒரு கார்க் துளி மேலே எழும்பியிருந்தாலும், எல்லாப் பாட்டிலையும் துணியால் போர்த்திப் பிடித்துத் திறந்து, டெமிஜானுக்கே திரும்ப ஊற்றி ஏர்லாக்கை மாட்டுங்கள். ஒயின் கெடாது. எங்கள் வீட்டில் இப்போது பாட்டில்கள் மாடிப்படிக்குக் கீழே கிடையாது, பின்பக்க ஷெட்டில், தடித்த பிளாஸ்டிக் பெட்டிக்குள், மூடி போட்டு, மகளின் கைக்கு எட்டாத தட்டில் இருக்கின்றன.